கிரீஸ் கறை: சைடுல ஒரு பைப்பு!

எங்க டீம் டிரைவருக்கு வலது கெண்டைக்காலில், உள்பக்கமா, தீப்பெட்டி சைஸ்ல ஒரு தழும்பு இருக்கு. வேட்டியை மடிச்சுக் கட்டினா பளிச்சுனு தெரியும். அவன் கல்யாணத்தப்போ பொண்ணு வீட்டுக்காரங்க, ''என்ன மாப்ளே, நாய் கடிச்சதா?''னு கேட்டாங்களாம். ''இல்லீங்க... கார் கடிச்சது!''ன்னு சொல்லியிருக்கான்.

அந்தக் கார்ல சைலன்சரை சைடுல வெச்ச புண்ணியவான் நான்தான்.

போன வாரம் மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ''அண்ணா, காலேஜ்ல ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டிட்டு இருக்கோம். எக்ஸாஸ்ட்டைப் பின்னால இழுத்துட்டுப் போகாம சைடுலயே வெளியே எடுத்தா செம கெத்தா இருக்கும்ல? எப்படி மாட்டறது?''

கெத்தா இருக்கும் தம்பி. சந்தேகமே வேணாம். எப்படி மாட்டறதுன்னும் சொல்றேன். ஆனா, கடைசி வரைக்கும் படிங்க. பாதியில நிறுத்திட்டு வெல்டிங் பட்டறைக்கு ஓடிடாதீங்க. நான் அப்படி ஓடினதால வந்ததுதான் அந்தத் தழும்பு.

ஏன் சைடு?

விஷயம் தெரியாத மத்த டிபார்ட்மென்ட் ஜனங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஸ்டூடன்ட்ஸே டிசைன் பண்ணி, ஸ்டூடன்ட்ஸே வெல்டு அடிச்சு, ஸ்டூடன்ட்ஸே ஓட்டுற குட்டி ரேஸ் கார் போட்டி இது. 1981-ல அமெரிக்காவுல, டெக்சாஸ் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது. இப்போ உலகம் பூரா நடக்குது. நம்ம கோவை செட்டிபாளையம் பக்கம் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்கிற ஃபார்முலா பாரத் அந்தக் குடும்பம்தான்.

இந்தக் கார் தரையோட தவழும். டிரைவர் உட்கார்ந்த நிலையில தரைக்கும் காருக்கும் நடுவுல குறைஞ்சது 30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும்கிறது விதி. பெரும்பாலான டீம் அதுக்கு மேல கொஞ்சமாத்தான் வெச்சிருக்கும். அதாவது, ரெண்டு விரல் சந்து! அதுக்குள்ள சைலன்சரைக் கொண்டு போக முடியுமா? போனா, முதல் மேட்டுலயே அது கழண்டு தரையில உருளும்.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊர் டீம்கள் நிறைய பேர் கே.டி.எம். 390 இன்ஜினைத்தான் தூக்கிட்டு வருவாங்க. சிங்கிள் சிலிண்டர், 373 சி.சி. பைக் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வாய் முன்பக்கம் பார்த்து இருக்கும். பைக்ல அது சரி... காத்து அடிக்கிற பக்கம். கார்ல இன்ஜின் டிரைவருக்குப் பின்னாடி. அப்போ அந்த நெருப்பு வாய் எங்கே பார்க்கும்? நேரா டிரைவரோட முதுகை! நடுவுல ஃபயர்வால் தகடு இருக்கு, அவ்வளவுதான். அதனால பைப்பு வெளியே வந்ததுமே சட்டுனு திரும்பியாகணும். திரும்பி, இன்ஜினைச் சுத்திப் பின்னாடி போறதை விட சைடுல வெளியேறுறது குட்டை வழி. குட்டை வழின்னா எடை கம்மி, வளைவு கம்மி.

ஆக, சைடு பைப்புங்கிறது வெறும் ஸ்டைல் இல்ல. 1965-ல செவர்லே கார்வெட்டுக்குக் கம்பெனியே இதை ஆப்ஷனா கொடுத்தது. அதே காலத்து ஷெல்பி கோப்ரா கார்ல கதவுக்குக் கீழேயே பீரங்கி மாதிரி பைப்பு ஓடும். அந்தக் கோப்ராவைப் பத்தி ஒரு ஜோக் கீழே வருது. மறந்துடாதீங்க.

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி

முதல்ல பைப்பு. பழைய இரும்புக் கடையில மலிவா கிடைக்குதேன்னு ஜி.ஐ. பைப்பை எடுக்காதீங்க. அதுல இருக்கிற துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டுல புகையா கிளம்பும். வெல்டு அடிக்கிறவர் ராத்திரி காய்ச்சல்ல படுத்துடுவார். எஸ்.எஸ். 304 எடுங்க. காசு இல்லைன்னா சாதா எம்.எஸ். பைப்பு. ஒரு சீசன் தாங்கும்.

வளைவை பெண்டிங் மெஷின்ல உள்ளே மாண்ட்ரல் விட்டு வளைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா வளைவுல பைப்பு சப்பிடும். சப்பின இடத்துல புகை நெருக்கடியில மாட்டும். மாண்ட்ரல் இல்லாத ஊரா? ரெடிமேட் பெண்டு வாங்கித் துண்டு துண்டா ஒட்டுங்க. நல்ல மணலை நெருக்கி நிரப்பி, சூடு காட்டி வளைக்கிற பழைய கை மாஸ்டர்களும் இருக்காங்க. மணல் துளிகூட ஈரம் இல்லாம காய்ஞ்சிருக்கணும். ஈரம் இருந்தா உள்ளே நீராவி... அப்புறம் வெடி!

எஸ்.எஸ்.னா ஆர்கான் வெல்டிங்தான். அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளியே மட்டும் ஆர்கான் போனா போதாது. பைப்போட ரெண்டு முனையையும் அடைச்சு, உள்ளேயும் ஆர்கான் நிரப்பணும். இல்லேன்னா வெல்டோட உள்பக்கம் கரிச்சு, சர்க்கரை கொட்டின மாதிரி பொருபொருன்னு பூத்துடும். வெளியே பார்த்தா வானவில் கலர்ல ஜொலிக்கும். கொஞ்ச நாள்ல அதே இடத்துல விரிசல் விடும். வெளியழகை நம்பி ஏமாறாதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றாங்க!

அடுத்தது நாங்க பண்ணின தப்பு நம்பர் ஒன். பைப்போட ஒரு முனையை இன்ஜின்ல போல்ட் போட்டு இறுக்கி, சைலன்சரை சேஸிஸ்ல கிளாம்ப் போட்டு இறுக்கி, 'ஆடாம அசையாம நிக்குது பாரு'ன்னு பெருமைப்பட்டோம். எஸ்.எஸ். சூடானா நீளும். ஒரு மீட்டர் பைப்பு 500 டிகிரி சூடு ஏறினா சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். ரெண்டு பக்கமும் கட்டிப்போட்டா எங்கே நீளும்? எங்கே வெல்டு பலவீனமோ அங்கே கிழிச்சுக்கிட்டு நீளும். மூணாவது டெஸ்ட்டுலயே ஃபிளாஞ்சை ஒட்டி வெட்டு விழுந்தது.

வைத்தியம் சிம்பிள். பைக் சைலன்சரைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரு பைப்பு இன்னொண்ணுக்குள்ள சொருகி, மேல ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். நீளட்டும், சுருங்கட்டும், ஆனா கழண்டு போகக் கூடாது. அதே சொருகு ஜாயின்ட்டை நீங்களும் வைங்க. சைலன்சரைத் தாங்குற பிராக்கெட்டுல ரப்பர் புஷ் போடுங்க.

வெட்டு விழுந்த பைப்புல இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆக்சிஜன் சென்ஸாருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ளே நுழையும். 'அடடா, பெட்ரோல் பத்தலையே'ன்னு சென்ஸார் தப்பா சொல்லும். இ.சி.யு. அதை நம்பி இன்னும் பெட்ரோலைக் கொட்டும். நீங்க ராத்திரி பூரா லேப்டாப்பை வெச்சுக்கிட்டு டியூனிங் டியூனிங்னு மண்டையை உடைச்சுப்பீங்க. கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல, கேஸ்கெட்ல!

கத்தினா மட்டும் போதுமா?

'சைடுல வெச்சா சவுண்டு சும்மா கிழியும்'கிறதுதான் பாதிப் பேரோட ஆசை. சரி, போட்டியில சத்தத்தை எப்படி அளக்கிறாங்கன்னு சொல்றேன். பைப்போட வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்துல, அதே உயரத்துல மைக் வைப்பாங்க. இன்ஜினை முறுக்கச் சொல்வாங்க. 110 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஐடிலிங்ல 103.

எவ்வளவு முறுக்கணும்கிறதை அவங்க இஷ்டத்துக்குச் சொல்றதில்ல. பிஸ்டனோட சராசரி வேகம் விநாடிக்கு 15.25 மீட்டர் வர்ற ஆர்.பி.எம். எதுவோ, அது. நம்ம 373 சி.சி. இன்ஜின்ல ஸ்ட்ரோக் 60 மில்லிமீட்டர். ஒரு சுத்துக்கு பிஸ்டன் மேலும் கீழும் 120 மில்லிமீட்டர் ஓடும். கணக்குப் போட்டா 7,625 வரும். அதைப் பக்கத்து 500-க்கு மாத்தினா 7,500 ஆர்.பி.எம். இன்டர்னல்ஸுக்குப் படிச்ச ஃபார்முலா வாழ்க்கையில உதவின ஒரே இடம் எனக்கு இதுதான்!

113 வந்தா, 'மூணு டெசிபல்தானே சார், விட்டுடுங்க'ன்னு கெஞ்சாதீங்க. டெசிபல் கணக்குல 3 கூடினா ஒலியோட சக்தியே ரெண்டு மடங்கு. சைலன்சருக்குள்ள ஓட்டை போட்ட பைப்பைச் சுத்தி கிளாஸ் வுல் திணிச்சிருக்கும். அது ஓட ஓடக் கரிஞ்சு, பறந்து போயிடும். டிசம்பர்ல 108 காட்டின சைலன்சர் ஜனவரியில 112 காட்டலாம். போட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பிரிச்சுப் புதுசா திணிச்சிடுங்க. கையுறை, மாஸ்க் கட்டாயம். வெறும் கையில தொட்டா அன்னிக்கு ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த சாயங்காலம்

இப்போ தழும்பு விஷயத்துக்கு வர்றேன்.

பைப்பை எந்தப் பக்கம் எடுக்கிறதுன்னு எங்க டீம்ல ஒரு மீட்டிங் நடந்தது. மீட்டிங்னா கேன்டீன்ல நாலு டீ, ஒரு பஜ்ஜி தட்டு. வலது பக்கம்னு முடிவாச்சு. காரணம் என்ன தெரியுமா? காலேஜ் மேகஸினுக்கு போட்டோ எடுக்கிறவன் வலது பக்கத்துலதான் நின்னு எடுப்பான். சத்தியமா அதுதான் காரணம். வேற ஒரு கேள்வியும் யாரும் கேட்கல. நானும் கேட்கல. பைப்பு என் பொறுப்பு.

போட்டியில ஒரு டெஸ்ட் உண்டு. டிரைவர் முழுசா பெல்ட் மாட்டி, ஸ்டியரிங்கைப் பிடிச்சு உட்கார்ந்திருப்பார். விசில் அடிச்சதும் பெல்ட்டைக் கழட்டி, ஸ்டியரிங்கைப் பிடுங்கி, காரோட சைடு வழியா வெளியே குதிக்கணும். ரெண்டு காலும் தரையில படணும். 5 செகண்டுக்குள்ள! கார் தீப்பிடிச்சா தப்பிக்கிறதுக்கான பரீட்சை அது.

ஒரு சாயங்காலம் கிரவுண்டுல பத்து ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினான். ''அப்படியே எக்ஸிட்டும் பார்த்துடலாம்டா''ன்னேன். ஸ்டாப்வாட்ச் என் கையில. ரேஸ் சூட் அயர்ன் பண்ணி பீரோவுல பத்திரமா இருக்கு. அவன் போட்டிருந்தது முக்கால் பேன்ட். விசில் அடிச்சேன். வலது பக்கமா குதிச்சான்.

நாலரை செகண்ட். நான் 'சூப்பர்டா!'னு கத்தினேன். அவனும் கத்தினான். ஆனா அது சந்தோஷக் கத்தல் இல்ல.

70 டிகிரி வெந்நீர் ஒரே செகண்ட்ல தோலை ஆழமா சுட்டுடும். ஓடி நின்ன பைப்பு அதைவிடப் பல மடங்கு சூடு. அதுல அவன் கால் பட்டது கண் இமைக்கிற நேரம்தான். அதுக்குள்ள தோல் பைப்புலயே ஒட்டிக்கிச்சு. அந்த வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

ஹாஸ்டல்லேருந்து ஒருத்தன் டூத் பேஸ்ட்டோட ஓடி வந்தான். இன்னொருத்தன் இங்க் பாட்டில். நல்லவேளை, கிரவுண்டுல புல்லுக்குத் தண்ணி விடுற தாத்தா ரெண்டு பேரையும் திட்டித் துரத்திட்டு, ஹோஸ் பைப்பைக் காலுல திருப்பிவிட்டார். ''இப்படியே பிடிப்பா... நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே''ன்னார். அப்புறம் ஆஸ்பத்திரியில டாக்டரும் அதையேதான் சொன்னார். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் ஓடுற சாதாரண தண்ணி. பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. இதைத் தனியா வெட்டி உங்க பட்டறைச் சுவத்துல ஒட்டிக்குங்க.

அன்னிக்கு ராத்திரி முதல் தடவையா விதிப் புத்தகத்துல எக்ஸாஸ்ட் பக்கத்தை முழுசா படிச்சேன். ரோல் ஹூப்புக்கு முன்னாடி காரோட சைடுல நீட்டிக்கிட்டு இருக்கிற பைப்புக்குக் கண்டிப்பா கவசத் தகடு வேணும். காரை நெருங்குறவங்களும், காரைவிட்டு இறங்குற டிரைவரும் தொட்டுடக் கூடாதுன்னு காரணத்தோட எழுதியிருக்கு. புகை எந்த வேகத்துலயும் டிரைவர் பக்கம் வரக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பைப்பு மேல சுத்துற துணி மாதிரியான ஹீட் ரேப் கூடாதுன்னு எழுதியிருக்கு. ஆயில், பெட்ரோல் சிந்தினா அது திரி மாதிரி ஊறிப் பத்திக்கும். நாங்க கவசத்துக்குப் பதிலா அந்த ரேப்பைத்தான் ஆர்டர் பண்ணி வெச்சிருந்தோம்!

எல்லாமே இருந்தது. நான்தான் படம் மட்டும் பார்த்துட்டு மூடி வெச்சிருந்தேன்.

கோப்ரா ஜோக்குன்னு சொன்னேன் இல்லையா? அந்தக் கார் வெச்சிருக்கிறவங்க, இறங்குறப்போ சைடு பைப்புல கால் சுட்டுக்கிறதைப் 'பாம்புக் கடி'ன்னு சொல்வாங்க. 1960-கள்ல வந்த கார். அத்தனை வருஷமா உலகத்துக்கே தெரிஞ்ச கடியை நாங்க புதுசா கண்டுபிடிச்சோம்.

அப்புறம் மாத்தினோம். பைப்பை ரோல் ஹூப்புக்குப் பின்னாடி தள்ளி வெளியே எடுத்தோம். மேல ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. தகடுக்கும் பைப்புக்கும் நடுவுல காத்து ஓட ஒரு விரல் இடைவெளி. தகடு பைப்பைத் தொட்டா அதுவும் பைப்புதான்! பெட்ரோல் லைனை எதிர்ப்பக்கத்துக்கு மாத்தினோம். எக்ஸிட் டெஸ்ட்டை இடது பக்கமா பழகினோம். போட்டோ சுமாராத்தான் வந்தது.

வீட்டுக் காருக்கு?

'அண்ணா, எங்க அப்பாவோட காரைத் தாழ்த்தி, இதே மாதிரி சைடுல...' அப்படின்னு கேட்க ரெடியா இருக்கிறவங்களுக்கு ஒரே வார்த்தை: வேணாம்.

ரேஸ் டிராக்குல நிக்கிறவங்க விருப்பப்பட்டு நிக்கிறாங்க. ரோட்டுல அப்படி இல்ல. நம்ம நாட்டுல வண்டி இடது பக்கம் போகுது. அப்போ காரோட இடது பக்கம் யாரு? பஸ் ஸ்டாப்புல நிக்கிற அக்கா, சைக்கிள்ல போற பையன், பிளாட்பாரத்துல பூ கட்டுற பாட்டி. அதனாலதான் 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல, புகை கீழ்நோக்கியும் போகக் கூடாது, வண்டியோட இடது பக்கமும் போகக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. எக்ஸாஸ்ட் புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. ஜன்னலுக்குக் கீழே முடியற பைப்பு, சிக்னல்ல நிக்கிறப்போ உங்க சீட்டுக்கே அதை அனுப்பும்.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லியிருக்கு. சத்தம், புகை அளவை மீறி ஓட்டினா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 190-வது பிரிவுல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். லைசென்ஸும் மூணு மாசத்துக்குப் போயிடும். அப்பாகிட்ட வாங்கறது இதுல சேராது.

ஆசை இருந்தா உங்க காலேஜ் டீம்ல சேருங்க. இல்லேன்னா நாலு பேர் சேர்ந்து ஒரு டீம் ஆரம்பிங்க. அங்கே மாட்டுங்க சைடு பைப்பு.

மாட்டறதுக்கு முன்னாடி வரைபடத்துல பைப்போட வாய் இருக்கிற இடத்துல ஒரு புள்ளி வைங்க. 'இங்கே யார் நிப்பாங்க? இங்கே யார் கால் படும்? இந்தப் புகையை யார் இழுப்பாங்க?' மூணே கேள்வி. அதுக்குப் பதில் எழுதிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்க. எந்தப் போட்டிக்குப் போறீங்களோ அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பிரின்ட் எடுத்து, டீ கறை படற அளவுக்குப் படிங்க. விதி வருஷா வருஷம் மாறும்.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனோட பொண்ணு, நாலு வயசு, அந்தத் தழும்பைத் தடவிக்கிட்டே, ''மாமா, அப்பாவைக் கடிச்ச கார் இப்ப எங்கே?''னு கேட்டா. காலேஜ் ஒர்க்ஷாப்ல ஒரு மூலையில நிக்குதுன்னேன். ''அது இன்னும் கடிக்குமா?''

''கடிக்காதும்மா. வாயை மூடிட்டோம்''னேன்.

பதினஞ்சு நாள் முன்னாடியே மூடியிருக்கலாம்!

(கறை தொடரும்...)